‘பொய்’ என்ற சொல்லின் பொருளும் பிறப்பும்

கேள்வி சுருக்கமாக இதுதான். “‘பொய்’ என்ற சொல்லின் மூலப்பொருள் என்ன? நிலைத்து நிற்காமல் போய்விடுவதால் ‘போய்’ என்பதே ‘பொய்’ ஆயிற்று என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன், அது சரிதானா? மழை பொய்த்தது என்கிறோமே, மழை யாரிடம் என்ன பொய் சொன்னது? பொய்கை என்ற சொல்லுக்கும் பொய்க்கும் ஏதேனும் தொடர்பு உண்டா?”

கேட்டவர் வேடிக்கையாகச் சேர்த்த மழைக் கேள்வியில்தான் விடையின் பெரும்பகுதி இருக்கிறது. ஆனால் அங்கே போகும் முன் ‘போய்’ விளக்கத்தை முடித்துவிடலாம். ‘போய்’ என்பது ‘போ’ என்னும் வினையடியிலிருந்து வரும் வினையெச்சம். ஒரு வினையெச்சம் தன் நெடிலைக் குறுக்கிக்கொண்டு பெயர்ச்சொல்லாகி, பிறகு தானே புதிய வினையடியாகவும் மாறி, பொய்க்கும், பொய்த்தது, பொய்யாது, பொய்யற்க என்றெல்லாம் விகுதி ஏற்று நடப்பது தமிழில் வழக்கமில்லாத பிறப்பு. மேலும் பக்கத்து மொழியான கன்னடம் இந்த இரண்டு சொற்களையும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. நம்முடைய ‘போய்’ அங்கே ‘ஹோகி’. நம்முடைய ‘பொய்’ அங்கே ‘ஹுசி’. இரண்டும் ஒரே சொல்லிலிருந்து பிரிந்திருந்தால் இப்படி வெவ்வேறு வழியில் போயிருக்க முடியாது. “ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்” என்ற பழமொழியைக் கண்டு கூசி, “ஆயிரம் பேரிடம் போய்ச் சொல்லி” என்பதே சரி என்று திருத்துகிறவர்களும் இந்த ஒலி ஒற்றுமையைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். நம் பாட்டன் பூட்டன்மார் திருமணத் தரகில் கொஞ்சம் பொய்யை அனுமதித்தார்கள் என்பதை ஏற்றுக்கொள்வதில் என்ன சங்கடமோ தெரியவில்லை.

ஹுசி என்பதைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சொல்லின் வயதை அதுதான் காட்டுகிறது. பழங்கன்னடத்தில் சொல் முதலில் நின்ற பகரம் பிற்காலத்தில் ஹகரமாயிற்று. நம் பால் அவர்களுக்கு ஹாலு, நம் புலி அவர்களுக்கு ஹுலி. ஆகவே ஹுசியின் பழைய வடிவம் ‘புசி’. தமிழில் யகரம் வரும் இடத்தில் கன்னடத்தில் சகரம் வருவதும் ஒழுங்கான உறவே: உயிர் – உசிரு, பெயர் – ஹெசரு, வயிறு – பசிறு. நாமும் வீட்டில் ‘உசிரு’ என்றுதானே சொல்கிறோம். இந்த வரிசையில் பொய் – புசி என்ற இணை பிசிறில்லாமல் பொருந்துகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பசவண்ணர் தம் வசனத்தில் “களபேட, கொலபேட, ஹுசிய நுடியலு பேட” என்று திருடாதே, கொல்லாதே என்பவற்றோடு பொய் பேசாதே என்பதையும் சேர்த்துக் கூறியபோது பயன்படுத்திய சொல் இதுவே. இன்றும் கன்னடத்தில் விளையாட்டுக் கோபத்தை ‘ஹுசி கோப’ என்பார்கள். நாம் பொய்க்கோபம் என்கிறோம். மலையாளத்தில் ‘பொய்’ அப்படியே இருக்கிறது. ஆகவே இது தமிழும் கன்னடமும் பிரிவதற்கு முன்பே இருந்த சொல். வடமொழியில் இப்பொருள் தரும் அசத்தியம், மித்தியா, அந்ருதம் ஆகியவற்றில் எதனோடும் இதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அசத்தியம் என்ற சொல்லோடு ஒப்பிடும்போது ஒரு வேறுபாடு கண்ணில் படும். அது ‘சத்தியம்’ என்பதற்கு முன் எதிர்மறை சேர்த்து ஆக்கிய சொல். சத்தியம் இல்லாவிட்டால் அதற்கு வாழ்வில்லை. தமிழில் பொய் தனி வேர். உண்மையை மறுத்துப் பிறந்த சொல்லாக அது இல்லை. மாறாக, பொய்யை மறுத்துத்தான் ஓர் அறத்தின் பெயரையே ஆக்கியிருக்கிறோம்: பொய்யாமை. “பொய்யாமை பொய்யாமை ஆற்றின் அறம்பிற செய்யாமை செய்யாமை நன்று” என்ற குறளைப் பள்ளியில் நாக்குச் சுளுக்க ஒப்பித்தவர்களுக்கு இது நினைவிருக்கும்.

அப்படியானால் அந்த வேரின் பொருள் என்ன? அகராதியைத் திறந்தால் பொய் என்பதற்கு நாம் எதிர்பார்க்கும் பொருள்களுக்குப் பிறகு, வரிசையின் பின்பகுதியில், ‘மரப்பொந்து’ என்று ஒன்று இருக்கும். பெரும்பாலோர் அந்த இடம் வரை படிப்பதில்லை. மரத்தின் உள்ளே வெறுமையாக இருக்கும் இடம் பொய். இதற்கு இலக்கியச் சான்று சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. அடைக்கலக் காதையில் மதுரைப் புறஞ்சேரியில் கோவலனைச் சந்திக்கும் மாடலன் என்னும் மறையவன், கோவலன் முன்பு செய்த நற்செயல்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறான். புகார் நகரில் மதம் பிடித்த யானை ஒன்று பாகனுக்கும் அடங்காமல் வந்து ஒரு முதிய அந்தணனைத் துதிக்கையால் பற்றிக்கொள்கிறது. கோவலன் அதட்டிக்கொண்டு பாய்ந்து, அந்த முதியவனை விடுவித்து, தானே அதன் கைக்குள் புகுந்து, வெண்தந்தங்களின் நடுவே அடங்கி, பிறகு பிடரியில் ஏறி அமர்ந்து யானையை அடக்குகிறான். அந்தத் துதிக்கையை இளங்கோவடிகள் “பொய்பொரு முடங்குகை” என்கிறார். முடங்குகை என்பது வளைந்த கை. அதற்கு முன் நிற்கும் பொய்யை நாம் அறிந்த பொருளில் எடுத்தால் அடி பொருளற்றுப் போகும். யானை யாரையும் ஏமாற்றவில்லை, நேராகத்தான் வந்து பிடித்தது. உள்ளே துளையுடைய, பொந்து போன்ற கை என்று கொண்டால் அடி கண்முன் நிற்கிறது. ஒரு சொல் ஓர் இலக்கியத்தில் ஒரே ஓர் இடத்தில் தன் பழைய முகத்தைக் காட்டுவது இப்படித்தான்.

உள்ளீடற்றது என்ற இந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தால் ‘பொ’ என்று தொடங்கும் பெரிய கூட்டமே தென்படும். பொந்து, பொத்தல், பொள்ளல், பல் விழுந்த பொக்கை வாய், மாட்டுத் தீவனக் கடையில் மூட்டையாக அடுக்கியிருக்கும் உளுந்தம் பொட்டு, எல்லாம் துளை அல்லது உள்ளிருந்தது போய் எஞ்சிய வெறுந்தோல். இவற்றுள் எனக்கு மிகவும் நெருக்கமானது பொக்கு. நிலக்கடலை பறித்துக் களத்தில் கொட்டிக் காய்கிற நாட்களில், என் பாட்டி ஒரு காயைக் கையில் எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டு, உடைக்காமலே “இது பொக்கு” என்று தூர எறிந்துவிடுவார். வெளியே பார்த்தால் அந்தக் காய்க்கும் நல்ல காய்க்கும் வேறுபாடு தெரியாது. அதே வரி, அதே நிறம், அதே இடுப்பு. கையில் எடுத்தால்தான் கனம் இல்லாதது புரியும். சிறுவர்களான எங்களுக்கு அந்த வித்தை பிடிபடாமல், உடைத்து உடைத்துப் பார்த்து ஏமாறுவோம். மண்ணில் சுண்ணாம்புச் சத்துக் குறைந்தால் பொக்குக் காய் மிகும் என்பதும், அதற்காகத்தான் செடி பூத்து ஊசி இறங்கும் பருவத்தில் ஜிப்சம் போட்டு மண் அணைக்கிறார்கள் என்பதும் பிறகு தெரிந்துகொண்டது.

இந்தப் பொக்கிலிருந்து பொய்க்கு ஓர் அடிதான். திருநாவுக்கரசர் தேவாரத்தில், நெக்கு நெக்கு நினைப்பவர் நெஞ்சுள் புகுந்து நிற்கும் சிவன், “பொக்க மிக்கவர் பூவும் நீரும்” கண்டு நாணிச் சிரித்து நிற்பான் என்று வருகிறது. இங்கே பொக்கம் என்றால் பொய். பூ இருக்கிறது, நீர் இருக்கிறது, கும்பிடும் கையும் இருக்கிறது, உள்ளே பருப்பு இல்லை. அப்பர் வேளாண் குடியில் பிறந்தவர்; இந்தச் சொல்லை எடுத்தபோது அவர் மனத்தில் களமும் முறமும் இருந்திருக்கும் என்று எண்ண எனக்குப் பிடிக்கும். மலையாளத்தில் பொய்க்கு இன்னொரு சொல் ‘பொளி’. ஓணத்தின்போது மாவேலியின் ஆட்சியைப் பாடும் பழம்பாட்டில், கள்ளமும் இல்லை, சதியும் இல்லை, “எள்ளோளமில்ல பொளிவசனம்” என்று வருவதைக் கேரளத்தில் அறியாதவர் இல்லை. அங்கேயே ‘பொள்ள’ என்றால் உள்ளீடற்றது. கன்னடத்திலும் ‘பொள்ளு’ என்பதற்கு உள்ளீடற்றது, போலியானது என்ற இரு பொருளும் உண்டு; நிறைவேற்றப் போகாத வாக்குறுதியைப் ‘பொள்ளு பரவசெ’ என்று செய்தித்தாள்களே எழுதுகின்றன. ஆக, வெறுமையிலிருந்து பொய்மைக்குப் போகும் இந்தப் பாதையில் தென்னாட்டு மொழிகள் பலவும் பலமுறை நடந்திருக்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை. தேவநேயப் பாவாணர் வழிவந்த சொல்லாய்வில், ‘பொள்’ என்னும் துளைக் கருத்து வேரிலிருந்து பொய் நேரடியாகப் பிறந்தது என்று அம்புக்குறி போட்டு முடித்துவிடுவார்கள். பொருள் நெருக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அம்புக்குறியை ஏற்கத் தயங்குகிறேன். தமிழில் ளகரம் உள்ள இடத்தில் கன்னடத்திலும் ளகரமே வரும். பொள்ளு அங்கேயும் பொள்ளுதான். பொய் பொள்ளிலிருந்து வந்திருந்தால் கன்னடத்தில் ஹுசி என்ற சகர வடிவம் எப்படி வந்தது? மூலமொழியிலேயே இவை தனித்தனி அடிகளாக நின்றிருக்க வேண்டும் என்பதையே அது காட்டுகிறது. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி பொய், புசி ஆகியவற்றை ஒரு பதிவில் சேர்ப்பதும் இந்த ஒலியுறவின் வலிமையால்தான். பொள்ளையும் பொய்யையும் தாய் மகள் என்பதைவிட ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் என்று சொல்வது பாதுகாப்பானது. ‘பொய்’ என்ற சொல்லுக்கே துளை என்ற பொருள் உண்டு என்பதற்கு யானையின் துதிக்கை போதும். அதற்குப் பொள்ளின் துணை தேவையில்லை.

இனி மழைக்கு வரலாம். “விண்இன்று பொய்ப்பின் விரிநீர் வியனுலகத்து உள்நின்று உடற்றும் பசி” என்று வள்ளுவர் வான்சிறப்பில் எழுதினார். “வான்பொய்ப்பினும் தான்பொய்யா மலைத்தலைய கடற்காவிரி” என்று பட்டினப்பாலை காவிரியைப் புகழ்ந்தது. “மாரி பொய்ப்பினும் வாரி குன்றினும்” உலகம் அரசனைத்தான் பழிக்கும் என்று வெள்ளைக்குடி நாகனார் சோழனிடம் எடுத்துரைத்தார். சிலப்பதிகாரம் வையையைப் “பொய்யாக் குலக்கொடி” என்றது. மதுரைப் பாலத்தின் மேல் நின்று கோடையில் கீழே பார்க்கிறவர்கள் அந்த அடியை உரக்கச் சொல்லாமல் இருப்பது நல்லது. இவற்றில் எதிலும் ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் இல்லை. மேகம் வந்தது, இருண்டது, கறுத்தது, ஆனால் உள்ளே நீர் இல்லை. அல்லது நீர் இருந்தும் இறங்கவில்லை. பொக்குக் காயைப் போலவே வெளித்தோற்றம் முழுமையாக இருந்து, உள்ளே இருக்க வேண்டியது இல்லாமற் போயிற்று. இதை மழையின் மேல் ஏற்றிச் சொன்ன உருவகம் என்று உரை எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. உள்ளீடு இல்லாமற் போதல், எதிர்பார்த்தது தவறுதல் என்பதே இந்த வினையின் அடிப்படைப் பொருள். அதில் மனிதனின் பேச்சு ஓர் இனம், மேகம் இன்னோர் இனம்.

இதைக் கபிலரின் குறுந்தொகைப் பாட்டு (25) அழகாகக் காட்டும். தலைவி தோழியிடம் சொல்கிறாள்: “யாரும் இல்லைத் தானே கள்வன், தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ?” அவன் என்னை மணந்த அன்று சாட்சிக்கு வேறு யாரும் இல்லை, தினைத்தாள் போன்ற மெல்லிய பசுங்காலோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு குருகு மட்டும் இருந்தது. ‘தானது பொய்ப்பின்’ என்பதை “அவன் பொய் சொன்னால்” என்று பெயர்த்தால் பாதி போய்விடுகிறது. அவன் சொன்னபோது மனமார உண்மையாகவே சொல்லியிருக்கலாம். இப்போது வரவில்லை என்பதே அவள் துயரம். வள்ளுவர் விண்ணுக்குச் சொன்ன அதே ‘பொய்ப்பின்’ கபிலரிடம் காதலனுக்கு வருகிறது. இருவரும் வரவேண்டிய நேரத்தில் வராதவர்கள்.

இதற்கு நேர்மாறாக, செய்ததை மறைத்துப் பேசும் பொய்யும் அக்காலத்திலேயே உண்டு. “பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப” (கரணம் என்பது திருமணச் சடங்கு) என்னும் தொல்காப்பிய நூற்பாவுக்கு உரையாசிரியர்கள், பொய்யாவது செய்ததை மறைத்தல், வழுவாவது செய்ததில் முடிய நில்லாது தப்பி ஒழுகுதல் என்று பிரித்துக் காட்டினார்கள். அகநானூற்று 256ஆம் பாட்டில் இதற்கு ஒரு வழக்கே பதிவாகியிருக்கிறது. கள்ளூர் என்ற ஊரில் ஒருவன் ஓர் இளம்பெண்ணின் நலத்தைக் கவர்ந்துவிட்டு, “அறியேன்” என்று சூளுரைக்கிறான். அறிந்த சாட்சிகளை விசாரித்து உண்மை தெரிந்ததும், ஊரவையில் அவனை மரக்கிளையில் இறுகக் கட்டித் தலையில் சாம்பலைக் கொட்டுகிறார்கள். அவையில் ஆரவாரம் எழுகிறது. மேலே சொன்ன தலைவிக்குக் குருகுதான் சாட்சி, இந்தப் பெண்ணுக்கு ஊரில் சாட்சி இருந்தது. சாட்சிக்குக் ‘கரி’ என்பது பழைய சொல். பொய்ச்சாட்சி சொல்பவர் பொய்க்கரியாளர். புகார் நகரத்துச் சதுக்கப் பூதம் புடைத்து உண்ணும் ஆட்களின் பட்டியலில் அவர்களுக்கும் இடம் உண்டு.

பழந்தமிழில் மனிதனுக்கும் மழைக்கும் பொதுவாக இருந்த இந்த வினை, இன்று மனிதனை விட்டுப் போய்விட்டது என்பது கவனிக்கத்தக்கது. “தன்நெஞ் சறிவது பொய்யற்க” என்று வள்ளுவர் வினையாகச் சொன்னதை இன்று நாம் “பொய் சொல்லாதே” என்று இரண்டு சொல்லாக்கித்தான் சொல்ல முடியும். “அவன் நேற்று என்னிடம் பொய்த்தான்” என்று யாரும் பேசுவதில்லை. ஆனால் பருவமழை பொய்த்தது, கணிப்புகள் பொய்த்தன, நம்பிக்கை பொய்த்துப்போனது என்று நாள்தோறும் எழுதுகிறோம். மனிதப் பேச்சு பெயர்ச்சொல்லை எடுத்துக்கொண்டது. வினைச்சொல்லை மேகத்திடம் விட்டுவிட்டது. கேள்வி கேட்டவருக்கு மழை பொய்த்தது என்பது விந்தையாகத் தோன்றியதற்குக் காரணம் இதுவே. பழைய பொருள் அங்கே மட்டும் தங்கிவிட்டதால் அது விருந்தாளி போலத் தெரிகிறது. உண்மையில் அதுதான் வீட்டுக்காரர்.

கூட்டுச் சொற்களிலும் அந்தப் பழைய பொருள் தங்கியிருக்கிறது. பொய்ப்பல் கட்டியவரை யாரும் பொய்யர் என்பதில்லை. பொய்யுறக்கம், பொய்க்கோபம், பொய்க்கால் எல்லாம் வடிவம் இருந்து உள்ளீடு வேறாக இருப்பவை. தஞ்சாவூர்ப் பொய்க்கால் குதிரை ஆட்டத்தை அருகில் நின்று பார்த்தால் இது விளங்கும். ஆடுபவர் காலில் மரக்கட்டையைக் கட்டிக்கொண்டு, முதுகில் துளையிட்ட குதிரைக் கூட்டுக்குள் நுழைந்து, அதை இடுப்பில் தாங்கி நிற்கிறார். குளம்புச் சத்தம் கட்டையிலிருந்து வருகிறது. குதிரையின் வயிற்றுக்குள் மனிதர் நிற்கிறார். பார்க்கிறவர் எல்லாருக்கும் அது தெரியும், யாரும் ஏமாறுவதில்லை. கட்டைக்காலில் ஆடுவது சிலப்பதிகாரத்தில் ‘மரக்காலாடல்’ என்றே வருகிறது. அவுணரின் வஞ்சத்தைப் பொறுக்காமல் கொற்றவை ஆடியதாக அதற்குக் கதை.

பொய்யின் எதிர்ச்சொல்லும் இதே திசையைக் காட்டுகிறது. மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடம்பும்தான். கையில் பிடிக்கத்தக்க பருமையுடையது, உள்ளே நிறைந்திருப்பது மெய். தட்டினால் வெற்றொலி தருவது பொய். இந்த எதிர்நிலையைச் சமயக் கவிஞர்கள் பிற்காலத்தில் திருப்பிப்போட்டார்கள். மாணிக்கவாசகர் திருச்சதகத்தின் முதற்பாட்டில் “மெய்தான் அரும்பி” என்று உடம்பில் தொடங்கி “பொய்தான் தவிர்ந்து” என்று உள்ளத்துக்கு வருகிறார். அங்கே இரு சொல்லும் இன்னும் தம் இடத்தில் இருக்கின்றன. சித்தர் மரபிலோ மெய்யாகிய உடம்பே பொய் ஆகிவிடுகிறது: “காயமே இது பொய்யடா, காற்றடைத்த பையடா”. எதுகைக்காகப் பொய்யோடு பை சேர்ந்தது என்று மட்டும் இதைத் தள்ளிவிட முடியாது. காற்றடைத்த பை என்பது பொய் என்ற சொல்லின் மூலப்பொருளுக்கு எழுதிய உரை போலவே இருக்கிறது. உருண்டு திரண்டு நிற்கும், உள்ளே ஒன்றும் இராது.

உண்மை உள்ளத்தில், வாய்மை வாயில், மெய்ம்மை மெய்யில் என்று மூன்றையும் பிரித்துச் சொல்லும் விளக்கத்தையும் பலர் கேட்டிருப்பீர்கள். மாணவர் நினைவில் நிற்க நல்ல உத்தி. சொற்பிறப்பாக அது நிற்காது. உண்மை என்பது உள் என்னும் அடியோடு மை சேர்ந்து ‘இருத்தல்’ என்ற பொருள் தருவது. அதன் பழைய எதிர்ச்சொல் இன்மை. வாய்மையை வாய் என்னும் உறுப்போடு மட்டும் கட்டுவதைவிட, வாய்த்தல் என்னும் வினையோடும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. மழை பொய்க்கும், மழை வாய்க்கும். வாய்ப்பது என்றால் எண்ணியது கைகூடுவது. வாய்மையும் பொய்ம்மையும் வானத்திலும் எதிர்எதிராக நிற்கின்றன.

புளுகு, புரட்டு, கப்ஸா, உடான்ஸ், ரீல் முதலான மற்றச் சொற்களுக்கு இங்கே இடமில்லை. அவற்றுக்கும் பொய்க்கும் உள்ள வேறுபாடு ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். கயிறு திரிப்பது, சரடு விடுவது, காதில் பூச்சுற்றுவது எல்லாம் செய்கிறவனின் கைத்திறனைப் பேசுபவை. ஒரு மேகமோ ஒரு மரமோ புளுக முடியாது, பொய்க்கத்தான் முடியும். யாழ்ப்பாணத்தில் புளுகம் என்றால் மகிழ்ச்சி. “அவருக்குச் சரியான புளுகம்” என்று அங்கே ஒருவர் சொன்னால், தமிழ்நாட்டுக்காரர் அவசரப்பட்டு எதையும் முடிவு செய்துவிடக் கூடாது. தெலுங்கில் பொய்க்கு வழங்கும் ‘அபத்தம்’ நம்மிடம் அறிவுக்குப் பொருந்தாதது என்ற பொருளில் மட்டும் தங்கியிருப்பதும் இத்தகைய இன்னொரு திருப்பம்.

இந்தப் பின்னணியோடு, மிகுதியாக விவாதிக்கப்படும் குறள் ஒன்றை மறுபடி படித்துப் பாருங்கள்: “பொய்ம்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்”. புரை என்பதற்கு உரையாசிரியர்கள் குற்றம் என்று பொருள் சொல்வார்கள், சரியான பொருள்தான். ஆனால் புரை என்பதற்கும் உள்துளை என்ற பொருள் உண்டு. புண் புரையோடியிருக்கிறது என்கிறோம். வெளியே ஆறிய தோல், உள்ளே குடைந்துகொண்டு போகும் துளை. உள்ளீடற்ற ஒரு சொல், உள்துளை சற்றும் இல்லாத ஒரு நன்மையைத் தருமானால், அது வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்று இந்தக் குறளைப் படிக்கலாம். இது என்னுடைய வாசிப்பு. உரையாசிரியர் யாருடைய தலையிலும் இதைக் கட்டவில்லை.

கடைசியாகப் பொய்கை. அதைப் பொய் + கை என்று உடைத்துக் கதை கட்டுவது வேண்டாம். பழைய உரைகள் அதை ‘மானிடர் ஆக்காத நீர்நிலை’ என்று விளக்குகின்றன. ஏரியும் குளமும் வெட்டப்படுபவை, பொய்கை தானாக அமைந்த பள்ளத்தில் நீர் நிற்பது. பள்ளம், குழிவு என்ற கருத்தால் அதை நம் கூட்டத்தில் சேர்க்கலாம், சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்குத் தயக்கம் ஏனென்றால், தவறுதல், இல்லாமற்போதல் என்ற நிழல் அந்தச் சொல்லின் மேல் எங்கும் விழவில்லை. காஞ்சியில் தாமரைப் பொய்கையில் தோன்றியவர் என்று மரபு கூறும் ஆழ்வார் பொய்கையாழ்வார் என்றே பெயர் பெற்றார். அந்தப் பெயரைக் கேட்டு யாருக்கும் பொய் நினைவுக்கு வருவதில்லை.

அதைவிடப் ‘பொய்தல்’ என்ற சொல்லை நீங்கள் கேட்டிருந்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும். சங்க இலக்கியத்தில் சிறுமியர் கூடி ஆடும் விளையாட்டுக்கு அதுதான் பெயர். ஐங்குறுநூற்றின் 181ஆம் பாட்டில், கடற்கரையின் வெண்மணல் மேட்டில் குரவை அயரும் பெண்களை அம்மூவனார் “பொய்தல் ஆடிய பொய்யா மகளிர்” என்கிறார். இரண்டும் ஒரே வேரின என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த இரண்டு சொற்களையும் ஒரே அடியில் பக்கம் பக்கமாக நிறுத்தியவருக்கு அந்த ஒலி காதில் விழாமல் இருந்திருக்காது.